பப்பாசித் தோட்டத்தில இருந்து ஒரு நன்றி

எல்லாருக்கும் வணக்கம். கனநாளா எழுதவேணும் எண்டு நினைச்சதுதான், நேற்று மகள் போனைக் கையில தந்து இண்டைக்கு எழுதாட்டி நீங்கள் எழுதவேமாட்டியள் அம்மா எண்டிட்டாள்.

2009இல சண்டை முடிஞ்சு, பிறகு செட்டிகுளம் முகாமில இருந்து வவுனியா வடக்கில நெடுங்கேணிப் பக்கம் திரும்பி வரேக்க எங்களிட்ட இருந்தது ரெண்டு தறப்பாளும் தூர்ந்துபோன கிணறும்தான். உதவி வரேல்ல எண்டு சொல்லமாட்டன். ஒரு நிறுவனம் ஊர் முழுக்கக் கோழி குடுத்தது, எல்லா வீட்டிலயும் முட்டை, பேந்து ஆருக்கு விக்கிறது? கடைசியில கறிதான் வைச்சம் (நல்ல கறி, அதுக்கும் நன்றி).

அதால ஐ.எல்.ஓ (சர்வதேச தொழில் அமைப்பு) ஆக்கள் லீட் எண்ட வாழ்வாதாரத் திட்டம், அவுஸ்திரேலியா அரசாங்கத்தின்ர காசு எண்டு வந்து பப்பாசி நடச் சொல்லேக்க நான் நம்பேல்ல. ஆனா இவை கன்று தரமுதலே வாங்கிற ஆளைக் காட்டினவை. ரெட் லேடி எண்ட இனப் பப்பாசிக் கன்று, அரை ஏக்கர், சொட்டுநீர்க் குழாய், பழத்தைச் சேர்க்க எங்கட கூட்டுறவுச் சங்கம், அங்கயிருந்து ஏத்துமதிக் கொம்பனியின்ர லொறி. மஞ்சள் கோடு விழேக்க காம்போட வெட்டி, பால் தோலில வடியாமல் தலைகீழா வைச்சு, பேப்பர் சுத்தவேணும் எண்டு காட்டித்தந்த தம்பிக்கு நன்றி, முதல் மாசம் நான் வெட்டினதில பாதி கறை பட்டுக் கழிவாப் போகேக்கயும் அவர் முகம் சுழிக்கேல்ல.

சங்கத்தில நிறுக்கிற அக்காவுக்கும் நன்றி, தராசை எங்கட பக்கம் திருப்பிக் காட்டிறவ. யானை வேலியோட ஏழு மரத்தை முறிச்ச இரவு வெடியோட ஓடிவந்த பக்கத்து வளவுக்காரருக்கும்தான்.

கிழமைக் கடன்காரர் வாசல்ல வந்து நிக்கிற கதை எங்கட பக்கம் எல்லாருக்கும் தெரியும், 2018இல அரசாங்கமே பொம்பிளையளின்ர ஒரு லட்சத்துக்கு உட்பட்ட நுண்கடனைத் தள்ளுபடி செய்யிற அளவுக்குப் போனது. நான் அதுக்குள்ள விழாமல் தப்பினது இந்தப் பழக்காசாலதான். கொம்பனி கழிவு எண்டு தள்ளிற பழத்தில எனக்கு இப்பவும் கோவம், சின்னப் புள்ளிக்கெல்லாம் தள்ளுவினம், அது வேற கதை.

அவுஸ்திரேலியாவில வரி கட்டின ஆக்களுக்கு நான் ஆரெண்டே தெரியாது. அங்க இருக்கிற எங்கட சனம் ஆராவது இதை அவைக்கு வாசிச்சுச் சொல்லுங்கோ. இந்தப் பக்கம் வந்தா வீட்ட வாங்கோ, பழம் தாறன். கழிவுப் பழம் இல்லை, லொறிக்குப் போற பழம்.