கணினியின் வரலாற்றில் தறிக்கும் இடம் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த வாரம் தங்கள் மாணவர் பகுதியில் வெளிவந்த கணினி வரலாற்றுக் கட்டுரையில், பழைய கணினிகளுக்குத் தரவும் கட்டளையும் கொடுக்கப் பயன்பட்ட துளையிட்ட அட்டையைக் கண்டுபிடித்தவர் அமெரிக்கரான ஹொலரித் என்று ஒரு வரி இருந்தது. கிழக்கிலங்கையின் மருதமுனையில் நெசவாளர் வீடொன்றில் பிறந்து, பல ஆண்டுகள் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்ற எனக்கு அந்த வரி மிகுந்த மனவருத்தத்தைத் தந்தது.

துளையின் மூலம் இயந்திரத்துக்குக் கட்டளையிடும் வழக்கம் 1725ஆம் ஆண்டு பிரான்சின் லியோன் நகரத்துப் பட்டுத்தறியில் தொடங்கியது என்பது தாங்கள் அறியாததன்று. அந்நாளில் பூவேலைப்பட்டு நெய்வதென்றால், குறுக்கே ஓடும் ஒவ்வொரு ஊடையிழைக்கும் நெடுக்கே உள்ள எந்தெந்தப் பாவிழைகள் எழவேண்டுமோ அவற்றுக்குரிய கயிறுகளை இழுப்பதற்கென்றே தறியருகில் ஓர் உதவியாள், பெரும்பாலும் ஒரு சிறுவன், நாள் முழுவதும் இருக்க வேண்டும். ஒரு கயிறு பிசகினாலும் பூ கெட்டுவிடும். பஸீல் பூஷோன் என்பவர் அந்தத் தெரிவை ஒரு காகிதச் சுருளிடம் ஒப்படைத்தார். சுருளை ஊசி வரிசையின்மீது அழுத்தும்போது துளைக்கு நேரே இருந்த ஊசி அசையாது நின்றது. துளையில்லாத இடத்து ஊசி தள்ளப்பட்டது. எழவேண்டிய இழைகள் அவ்வாறே தெரிவாயின. 1728இல் பல்கோன் என்பவர் காகிதத்துக்குப் பதிலாக ஒன்றோடொன்று கோத்த அட்டைகளைப் பயன்படுத்தினார். 1804இல் ஜக்காட் என்பவர் இவர்களது வேலையைச் செம்மைப்படுத்தியதும் புகழ் முழுவதும் அவரைச் சேர்ந்தது. பூஷோனின் பெயர் இன்று யாருக்கும் நினைவில்லை.

ஜக்காட் தறியின் அட்டைகளைக் கொண்டே கணினியின் முன்னோடியான தமது பகுப்பாய்வு இயந்திரத்தை இயக்கலாம் என்று ஆங்கிலேயக் கணித அறிஞர் சார்ள்ஸ் பபேஜ் திட்டமிட்டார். ஏறத்தாழ 24,000 அட்டைகளின் உதவியோடு பட்டில் நெய்யப்பட்ட ஜக்காட்டின் உருவப்படம் ஒன்றையும் பபேஜ் வைத்திருந்தார். தறி பூவையும் இலையையும் நெய்வதுபோல பபேஜின் இயந்திரம் இயற்கணிதக் கோலங்களை நெய்கிறது என்ற கருத்தை 1843இல் ஆங்கிலேயக் கணித அறிஞர் அடா லவ்லேஸ் எழுதினார். ஹொலரித்தின் அட்டைகள் அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டில் எண்ணப்பட்டது 1890இல்தான். துளைகளை மின்சாரத்தால் எண்ணச் செய்தது அவருடைய பெருந்திறமை என்பதில் எனக்கு ஐயமில்லை. அவரது நிறுவனம் வேறு சிலவற்றோடு இணைந்து 1924இல், பின்னாளில் கணினிகளால் புகழ்பெற்ற ஐ.பி.எம். என்ற பெயரைப் பெற்றது என்பதும் அனைவரும் அறிந்ததே. ஆயினும் அவருக்கு 165 ஆண்டுகள் முந்திய ஒரு தறிக்காரரை அடியோடு நீக்கிவிட்டு எழுதுவது எப்படி வரலாறாகும்?

வகுப்பில், கணினி பயன்படுத்தும் துவித எண்களைக் கற்பிக்கும்போது, இழை எழுந்தால் ஒன்று, எழாவிட்டால் பூச்சியம் என்று சொல்வேன். தறியுள்ள வீட்டுப் பிள்ளைகள் நான் பலகையில் எழுதி முடிக்குமுன்பே விடை சொல்லிவிடுவார்கள். தாய் மிதிபலகையை மிதிக்கையில் பாதி இழைகள் மேலெழுந்து, ஊடையிழையைக் கொண்டு செல்லும் நாடாவுக்கு வழிவிடுவதைத் தொட்டில் பருவம் முதல் பார்த்தவர்கள் அவர்கள்.

எங்கள் நெசவைப் பற்றித் தங்கள் பத்திரிகை எழுதும்போதெல்லாம் நலிவு, வறுமை, நிவாரணம் என்ற சொற்களையே காண்கிறேன். 1977க்குப் பின்னர் இறக்குமதித் துணி வந்து குவிந்து தறிகள் ஓய்ந்ததும், 2004இல் கடல் எங்கள் ஊரைச் சிதைத்ததும் உண்மைதான். அதற்காகச் சேலையும் சாரமும் நெய்த கைகளுக்குப் பின்னால் ஒரு கணித அறிவு இருந்ததென்று ஒருமுறையாவது எழுதியிருக்கக் கூடாதா? சில காலத்துக்கு முன் ஒரு கண்காட்சியில் தறியை அம்மியோடும் உலக்கையோடும் ஒரு மூலையில் நிறுத்திவிட்டு, அடுத்த மண்டபத்தில் கணினிகளை வைத்திருந்தார்கள். இரண்டுக்கும் உள்ள உறவைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள் என்று பொறுப்பாக நின்றவரிடம் கேட்டேன், நேரமில்லை என்றார். அதுபற்றித் தங்களுக்கு நான் எழுதிய கடிதமும் வெளிவரவில்லை. இடமின்மையே காரணமாக இருக்கும் என்று இன்றும் நம்புகிறேன்.

அடுத்த இதழின் மாணவர் பகுதியில் பூஷோனின் பெயரையும் 1725 என்ற ஆண்டையும் குறிப்பிட்டு இரண்டு வரித் திருத்தம் ஒன்றை வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
மருதமுனை.