அரசியலமைப்பு தினத்தை முன்னிட்டுப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

வரும் நவம்பர் 26 அரசியலமைப்பு தினம். வழக்கமாக அன்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரு மாணவர் அரசியலமைப்பின் முகப்புரையை வாசிப்பார், மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள், கொஞ்ச நேரத்தில் எல்லோரும் வகுப்புக்குப் போய்விடுவார்கள். இந்த ஆண்டு அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம் என்று ஆசிரியர்கள் கூடிப் பேசி முடிவெடுத்தோம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள், நம் அரசியலமைப்பை உருவாக்கிய அரசியல் நிர்ணய சபையில் நடந்த ஒரு நாள் விவாதத்தை நம் பள்ளி அரங்கில் நடத்திக் காட்டப் போகிறார்கள்.

ஒத்திகை தொடங்கியதும் பெற்றோர் சிலர் என்னைப் பார்க்க வந்தார்கள். "சார், பிள்ளைங்களுக்கு எதுக்கு இந்த விவாதமெல்லாம்? தேசபக்திப் பாட்டு, நடனம்னு வெச்சா போதாதா?" என்று கேட்டார்கள். அக்கறையோடு கேட்ட கேள்வி. அதனால் எல்லோருக்குமாகச் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

பாட்டும் நடனமும் இருக்கும். கொடிக்கு முன்னால் நிமிர்ந்து நிற்கும்போது ஒரு பிள்ளைக்கு ஏற்படும் சிலிர்ப்பை நான் ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன். எனக்கும் அது இன்றுவரை ஏற்படுகிறது. ஆனால் நாட்டை நேசி என்று நாம் சொல்லிக்கொண்டே இருந்தால், எதற்காக நேசிக்க வேண்டும் என்று ஒரு நாள் பிள்ளை கேட்கும். மலையும் ஆறும் கடலும் எல்லா நாட்டிலும் இருக்கின்றன. இந்த நாடு குடியரசாகும்போது தன் மக்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்தது. நீ யார் வீட்டில் பிறந்தாய், எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய், ஆணா பெண்ணா, கையில் காசு இருக்கிறதா என்று பார்க்காமல் உன்னைச் சமமாக நடத்துவேன் என்ற வாக்கு அது. என் பதில் அதுதான். அந்த வாக்கு எப்படி உருவானது என்று தெரிந்துகொள்ளும் பிள்ளை, நாட்டை இன்னும் ஆழமாக நேசிக்கும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

அரசியல் நிர்ணய சபை 1946 டிசம்பர் 9 அன்று டெல்லியில் முதன்முதலாகக் கூடியது. அரசியலமைப்புச் சட்டம் நிறைவேறியது 1949 நவம்பர் 26-இல். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள். இடையில் நாடு விடுதலை பெற்றது, இரண்டாகப் பிரிந்தது, லட்சக்கணக்கானோர் வீடு வாசலை விட்டு ஓடினார்கள், காந்தியடிகள் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வளவுக்கும் நடுவில் அந்தச் சபை உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகப் பேசிக்கொண்டிருந்தது. வரைவுக்கு வந்த திருத்தங்கள் 7,635 என்றும், அவற்றில் 2,473 சபையில் முன்மொழியப்பட்டன என்றும் டாக்டர் அம்பேத்கர் தம் நிறைவுரையில் கணக்குச் சொல்கிறார். அவசரமாக ஒரு சட்டத்தை எழுதி அறிவித்திருக்க முடியாதா? முடியும். அவர்கள் அந்த வழியில் போகவில்லை.

சபையில் உட்கார்ந்திருந்தவர்களையும் பிள்ளைகள் அறிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். 15 பெண்கள் இருந்தார்கள். அவர்களில் அம்மு சுவாமிநாதன், துர்காபாய், தாட்சாயணி வேலாயுதன் ஆகிய மூவரும் அன்றைய சென்னை மாகாணத்திலிருந்து போனவர்கள். தாட்சாயணி, சபையில் இருந்த ஒரே தலித் பெண். முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்தவர். ஜெய்பால் சிங் முண்டா இருந்தார். 1928 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இந்திய ஹாக்கி அணியின் தலைவர் அவர். ஆதிவாசிகளுக்கு நீங்கள் ஜனநாயகம் கற்றுத்தர முடியாது, அவர்களிடமிருந்து நீங்கள்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அந்தச் சபையிலேயே எழுந்து நின்று சொன்னார். இந்தச் செய்தியைச் சொன்னதும் எட்டாம் வகுப்பின் ஹாக்கிப் பையன்கள் நூலகத்துக்கு ஓடினார்கள். சமூக அறிவியல் ஆசிரியருக்கு இதைவிடப் பெரிய பரிசு வேண்டாம்.

நம் பிள்ளைகள் நடத்தப்போவது 1949 அக்டோபர் 17 விவாதத்தை. அன்று முகப்புரையை எடுத்துக்கொண்டார்கள். எச்.வி. காமத், முகப்புரை கடவுளின் பெயரால் தொடங்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். பட்டம் தாணுப்பிள்ளை எதிர்த்தார்: கடவுளை நம்புவதும் நம்பாமலிருப்பதும் ஒருவருடைய உரிமை, இந்தத் திருத்தம் நம்பிக்கையைக் கட்டாயமாக்குகிறது என்றார். ஹிருதயநாத் குன்ஸ்ருவும் அதே காரணத்தால் எதிர்த்தார். கடவுள் சம்பந்தப்பட்ட விஷயத்தை ஓட்டுக்கு விட வேண்டாமே என்று சிலர் சங்கடப்பட்டார்கள். கடைசியில் ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவு 41, எதிர்ப்பு 68. இது ஒரு கறுப்பு நாள் என்று காமத் மனம் நொந்து சொன்னார். அன்று யாரும் அவரைப் பிற்போக்காளர் என்று விரட்டவில்லை. எதிர்த்தவர்களை நாட்டுக்கு விரோதிகள் என்று அவரும் ஒதுக்கவில்லை. அடுத்த மாதமும் அதே சபையில் எழுந்து பேசினார். பிறகு மக்களவை உறுப்பினராகவும் இருந்தார்.

எந்தப் பக்கம் சரி என்று மேடையில் நாங்கள் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. காமத்தாக நடிக்கும் மாணவி, அவருடைய வாதத்தை மனதார நம்பிப் பேச வேண்டும் என்று சொல்லியிருக்கிறோம். குன்ஸ்ருவாக நடிப்பவரும் அப்படியே. பிறகு பார்வையாளர்களாக இருக்கும் பிள்ளைகள் கையுயர்த்தி ஓட்டுப் போடுவார்கள். முடிவு 1949-இல் வந்தது போலவே வர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

இப்போது, இந்தக் கடிதத்தை எழுத என்னைத் தூண்டிய இன்னொரு விஷயம். ஆறு, ஏழாம் வகுப்புகளில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் "தேசத்துரோகி" என்று கூப்பிடுவது சில மாதங்களாகக் காதில் விழுகிறது. கிரிக்கெட்டில் வேறு நாட்டு ஆட்டக்காரரைப் பிடிக்கும் என்று சொன்ன பிள்ளைக்கு அந்தப் பெயர். கொடிநாளுக்குப் பணம் கொண்டுவராத பிள்ளைக்கும் அதே பெயர். அந்தப் பிள்ளை ஏன் பணம் கொண்டுவரவில்லை என்பது எனக்குத் தெரியும்; வகுப்பில் யாருக்கும் தெரியத் தேவையில்லை. பெரியவர்கள் பேசுவதைக் கேட்டுத்தான் பிள்ளைகள் இதைக் கற்றுக்கொள்கிறார்கள். தொலைக்காட்சி விவாதமாக இருக்கலாம், கைப்பேசியில் வரும் காணொளியாக இருக்கலாம். நம் வளாகத்தில் இந்தப் பேச்சுக்கு இடம் இல்லை. உங்கள் வீட்டிலும் இருக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இது தொடர்பாக ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். கேரளத்தில் 1985-இல் மூன்று பிள்ளைகள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். காலைக் கூட்டத்தில் தேசிய கீதம் பாடும்போது அவர்கள் மரியாதையாக எழுந்து நிற்பார்கள், ஆனால் பாட மாட்டார்கள். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம்; அவர்களுடைய நம்பிக்கை அதற்கு இடம் தரவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1986 ஆகஸ்டில் நீதிபதி சின்னப்ப ரெட்டி தீர்ப்பளித்தார்: எழுந்து நிற்பதே மரியாதை, பாடாததால் அவமதிப்பு ஆகாது, பிள்ளைகளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நம் மரபு சகிப்பைக் கற்பிக்கிறது, நம் அரசியலமைப்பு அதைக் கடைப்பிடிக்கிறது, அதை நாம் நீர்த்துப்போக விடக்கூடாது என்ற கருத்தோடு அந்தத் தீர்ப்பு முடிகிறது. ஒவ்வொரு தலைமையாசிரியரும் படித்திருக்க வேண்டிய தீர்ப்பு என்று நினைக்கிறேன். நாட்டுப்பற்றை அளந்து பார்க்கும் வேலையை அரசியலமைப்பு பள்ளிகளுக்குக் கொடுக்கவில்லை.

சரி, பள்ளி எதைத்தான் கேட்கலாம்? பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை எப்படி நடத்துகிறாய் என்று கேட்கலாம். கேட்டே ஆக வேண்டும்.

நீங்கள் படித்த காலத்துப் பாடநூல்களைத் திறந்தவுடன் ஒரு பக்கம் இருக்கும், நினைவிருக்கும். "தீண்டாமை ஒரு பாவச்செயல், தீண்டாமை ஒரு பெருங்குற்றம், தீண்டாமை மனிதத்தன்மையற்ற செயல்." நாம் எல்லோரும் அந்தப் பக்கத்தைத் தாண்டித்தான் முதல் பாடத்துக்குப் போனோம். அந்த வரிகளுக்குப் பின்னால் இருப்பது அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு. 1948 நவம்பர் 29 அன்று சபை அதை ஏற்றுக்கொண்டது. சென்னை மாகாணத்தின் வி.ஐ. முனுசாமிப் பிள்ளையும் தாட்சாயணி வேலாயுதனும் அன்று அதை வரவேற்றுப் பேசினார்கள். தீண்டாமை ஒழிக்கப்படுகிறது, எந்த வடிவத்திலும் அதைக் கடைப்பிடிக்கக் கூடாது என்கிறது அந்தப் பிரிவு. இதில் "எந்த வடிவத்திலும்" என்பதைப் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

ஏனென்றால் வடிவம் மாறிக்கொண்டே இருக்கிறது. மணிக்கட்டில் ஒரு நிறத்துக் கயிறு கட்டினால் இன்ன சாதி என்று மாணவர்களுக்குள் ஓர் அடையாளம் இருக்கிறது. தெரியாதது போல நாம் நடந்துகொள்ள வேண்டாம். நாங்குநேரியில் 2023-இல் ஒரு மாணவனுக்கும் அவன் தங்கைக்கும் அவர்களுடைய வீட்டிலேயே நேர்ந்தது என்ன என்பது உங்களுக்குத் தெரியும். சாதிப் பகையால் அவர்களை வெட்டியவர்கள் உடன் படித்தவர்கள். அதன் பிறகு தமிழக அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு, 2024-இல் கொடுத்த அறிக்கையில் மாணவர்கள் வண்ணக் கயிறு, மோதிரம் போன்ற சாதி அடையாளங்களோடு பள்ளிக்கு வரக்கூடாது என்று பரிந்துரைத்தது. நம் பள்ளியில் அந்த விதி கண்டிப்பாக இருக்கும். கோயில் கயிறு, கண்ணேறு கயிறு என்று காரணம் சொல்லி அனுப்ப வேண்டாம். உங்கள் பக்தியை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் எது எந்தக் கயிறு என்று ஆசிரியர் ஆராய்ந்துகொண்டிருக்க முடியாது, அப்படி ஆராய்வதே தவறான பாடமாகிவிடும். கயிறு எல்லோருக்கும் வேண்டாம்.

சாப்பாட்டு நேரத்தில் யார் யாரோடு உட்கார்கிறார்கள் என்பதையும் ஆசிரியர்கள் கவனிக்கிறார்கள். "அவன்கூட சேராதே" என்று வீட்டில் சொல்லி அனுப்பப்பட்ட பிள்ளை, மறுநாள் காலை "இந்தியர் அனைவரும் என் உடன்பிறந்தவர்கள்" என்று கைநீட்டி உறுதிமொழி சொல்லும்போது, எதை நம்புவது என்று தெரியாமல் தவிக்கிறது. அந்த உறுதிமொழியை 1962-இல் தெலுங்கில் எழுதியவர் பைடிமர்ரி வெங்கட சுப்பா ராவ். நாட்டை நேசிக்கிறேன் என்று சொல்லவைத்த அதே மூச்சில், எல்லோரையும் உடன்பிறந்தவர்கள் என்றும் அவர் சொல்லவைத்துவிட்டார்.

இதையே அம்பேத்கர் 1949 நவம்பர் 25 உரையில் வேறு விதமாகச் சொன்னார். 1950 ஜனவரி 26 அன்று நாம் முரண்பாடுகள் நிறைந்த வாழ்க்கைக்குள் நுழைகிறோம். அரசியலில் ஆளுக்கு ஓர் ஓட்டு என்ற சமத்துவம் இருக்கும், சமூகத்திலும் பொருளாதாரத்திலும் ஏற்றத்தாழ்வு இருக்கும் என்றார். சகோதரத்துவம் இல்லாவிட்டால் சுதந்திரமும் சமத்துவமும் வெறும் மேல்பூச்சாகத்தான் இருக்கும் என்றும் சொன்னார். முகப்புரையில் சகோதரத்துவத்தைச் சேர்த்ததே அவர் தலைமையிலான வரைவுக்குழுதான். அதற்கு முன், சபையின் நோக்கங்களைச் சொல்லி நேரு கொண்டுவந்த குறிக்கோள் தீர்மானத்தில் அது இல்லை. சட்டத்தை எழுதி முடித்தவர், சட்டம் மட்டும் போதாது என்று எச்சரித்துவிட்டுப் போனார். மீதி வேலை வீட்டிலும் வகுப்பறையிலும் நடக்க வேண்டியது.

அப்புறம், வீட்டில் செய்யச் சிறு வேலை ஒன்று. உங்கள் வீட்டிலோ தெருவிலோ எண்பது, தொண்ணூறு வயதுப் பெரியவர்கள் இருந்தால் பிள்ளைகளை அவர்களிடம் அனுப்பி, முதன்முதலில் ஓட்டுப் போட்ட அனுபவத்தைக் கேட்கச் சொல்லுங்கள். முதல் பொதுத் தேர்தல் 1951 அக்டோபரில் தொடங்கி 1952 பிப்ரவரியில் முடிந்தது. 17 கோடிக்கும் மேற்பட்ட வாக்காளர்கள். பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அதனால்தான் சின்னங்கள் வந்தன. அந்தத் தேர்தலில் சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர்கள் பட்டியலில் இடம்பெறவில்லை. தம் பெயரைச் சொல்லாமல், இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் சொன்னவர்கள் அவர்கள். ஓட்டுரிமையைச் சட்டம் கொடுத்துவிட்டது. தன் பெயரைத் தானே சொல்லும் துணிவு பிறகுதான் வந்தது. நம் பாட்டிமார்களின் கதை இது. பிள்ளைகள் எழுதிக்கொண்டு வரும் அனுபவங்களை நூலகத்துச் சுவரில் ஒட்டி வைப்போம்.

நிகழ்ச்சி நவம்பர் 26 காலை 10 மணிக்கு அரங்கில் தொடங்கும். பெற்றோர் எல்லோரும் வரலாம். ஓட்டெடுப்பில் நீங்களும் கையுயர்த்தலாம். நடிக்கும் பிள்ளைகளுக்குப் புது உடை, வேடம் எதுவும் வாங்க வேண்டாம், சீருடையே போதும். முகப்புரையின் தமிழ்ப் படி ஒன்றை இக்கடிதத்தோடு இணைத்திருக்கிறோம். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு முறை பிள்ளையோடு சேர்ந்து வாசித்துவிட்டு வாருங்கள். விவாதம் குறித்தோ கயிறு விதி குறித்தோ மாற்றுக் கருத்து இருந்தால் மாலை 4 மணிக்கு மேல் என்னை நேரில் பார்க்கலாம். கீழே உள்ள ஒப்புதல் சீட்டில் கையெழுத்திட்டு வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். தாய், தந்தை, பாதுகாவலர், யார் கையெழுத்திட்டாலும் சரி.

அன்புடன்,
தலைமையாசிரியர்