மருந்தாளுநர் கையில் தடுப்பூசி: மருத்துவ நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

வணக்கம். உன் கடிதம் கிடைத்தது. கண்புரை அறுவைக்குப் பிறகு மருந்து அட்டைகளில் உள்ள பொடி எழுத்தைக்கூடக் கண்ணாடி இல்லாமல் படிக்க முடிகிறது என்று நீ எழுதியிருந்ததைப் படித்து வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். இங்கே அனைவரும் நலம். மகள் மருந்தியல் படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறாள். கடையை இளையவர்களிடம் ஒப்படைத்துவிட்டேன்; ஆனால் மருந்தாளுநர்களுக்குத் தடுப்பூசி போடப் பயிற்சி அளிக்கும் வகுப்புகளை மட்டும் விடவில்லை. உங்கள் மருத்துவர் சங்கம் இதே பொருளில் உன்னிடம் கருத்துரை கேட்டிருக்கிறது என்பதையும், அதை எழுதுவதற்கு முன் எதிர்த்தரப்பின் வாதத்தைக் கேட்க விரும்புகிறாய் என்பதையும் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. இத்தனை காலமாக உன் மருந்துச் சீட்டுகளின் கையெழுத்தைப் படித்துப் பொருள் கண்டுவந்தவன் எதிர்த்தரப்பா?

மருந்துக்கடையில் மருந்தாளுநரே தடுப்பூசி போடுவது கொரோனாக் காலத்தின் அவசரத்தில் பிறந்த ஏற்பாடு என்று நீ எழுதியிருக்கிறாய். அப்படி அல்ல. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1994ஆம் ஆண்டிலேயே மருந்தாளுநர்களுக்கு முறையான தடுப்பூசிப் பயிற்சி தொடங்கிவிட்டது. 2009ஆம் ஆண்டுக்குள் அந்நாட்டின் 50 மாநிலங்களும் ஏதேனும் ஒரு வகையில் அவர்கள் தடுப்பூசி போடுவதற்குச் சட்ட அனுமதி அளித்திருந்தன. போர்ச்சுகல் 2007இல் சட்டம் இயற்றியது. அயர்லாந்து 2011இலும், கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2012இலும், இங்கிலாந்து 2015இலும் மருந்துக்கடைகளில் ஃப்ளூ தடுப்பூசிக்கு வழி செய்தன. பிரான்ஸ் 2017இல் இரண்டு பிராந்தியங்களில் மட்டும் சோதித்துப் பார்த்து, 2019இல் நாடு முழுவதற்கும் விரித்தது. மருத்துவர் சங்கங்கள் வெளிப்படையாக எதிர்த்த ஜெர்மனியில்கூட, 2020இல் தொடங்கிய ஃப்ளூ தடுப்பூசி முன்னோட்டங்களுக்குப் பிறகு 2022இல் அது வழக்கமான சேவையாகிவிட்டது. கொரோனா செய்ததெல்லாம், மெல்ல நகர்ந்துகொண்டிருந்த ஒன்றை வேகப்படுத்தியதுதான்.

ஏன் இத்தனை நாடுகள் இந்தப் பக்கம் வந்தன என்பதற்குப் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. குழந்தைகளுக்குத் தடுப்பூசி அட்டவணை இருக்கிறது. பெற்றோர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நாள் பார்த்து வருவார்கள். பெரியவர்களுக்கு அப்படி ஒரு பழக்கம் இல்லை. உடல்நலத்தோடு இருக்கும் நாற்பது வயதுக்காரர் உன் மருத்துவமனைக்கு எதற்காக வரப் போகிறார்? ஃப்ளூ கிருமியோ ஆண்டுதோறும் உருமாறுகிறது. உலகச் சுகாதார அமைப்பு ஆண்டுக்கு இரண்டு முறை கூடி, அடுத்த பருவத்துக்கான தடுப்பூசியில் எந்தக் கிருமி வகைகள் இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. எனவே ஊசியும் ஆண்டுதோறும் போட்டாக வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் முன்பதிவு செய்து, காத்திருப்பு அறையில் இருமுகிறவர்களுக்கு நடுவே உட்கார்ந்து, அரை நாள் விடுப்பையும் இழந்து அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளப் பெரும்பாலானோர் முன்வருவதில்லை. மாலையிலும் விடுமுறை நாளிலும் திறந்திருக்கும் இடத்துக்கு, மாதந்தோறும் சர்க்கரை மாத்திரை வாங்க எப்படியும் வரும் மனிதரிடம், "இந்த ஆண்டு ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டீர்களா?" என்று கேட்பதில்தான் இந்த ஏற்பாட்டின் வலிமை இருக்கிறது.

இனி உன் முக்கியமான மறுப்புக்கு வருகிறேன். ஊசி போடுவது மருத்துவச் செயல், அதைச் சில நாள் பயிற்சியில் கற்றுக்கொடுத்துவிட முடியாது என்கிறாய். ஊசி குத்தும் செயலை மட்டும் சொன்னால், அதைக் கற்றுக்கொடுத்துவிட முடியும் என்பதுதான் என் அனுபவம். தோள்பட்டை எலும்பின் நுனியிலிருந்து இரண்டு மூன்று விரல்கடை கீழே, தசையின் தடித்த பகுதியில், நேர்க்குத்தாக இறக்க வேண்டும். மிக மேலே குத்தினால் மருந்து மூட்டைச் சூழ்ந்த திசுவில் இறங்கி மாதக்கணக்கில் தோள்வலியைத் தரும். உட்கார்ந்திருப்பவருக்கு நின்றுகொண்டு ஊசி போடாதே, நீயும் உட்கார் என்று நான் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்வது அதற்காகத்தான். நிற்பவரின் கை இயல்பாகவே மேலே போய்விடும். கைநடுக்கம் உள்ள ஒருவரைக்கூட விரைவில் பழக்கிவிடலாம். பழக்குவதற்குக் கடினமானது வேறொன்று: "உங்களுக்கு இன்று இந்த ஊசி வேண்டாம்" என்று சொல்லும் திறன். என்னைப் பொறுத்தவரை ஒரு மருந்தாளுநர் தடுப்பூசி போடத் தகுதியானவரா என்பதை அதை வைத்தே முடிவு செய்ய வேண்டும். உன் கருத்துரையும் அந்த இடத்தில்தான் அழுத்தம் தர வேண்டும் என்று நினைக்கிறேன்.

இதில் எங்கள் தொழிலுக்கு ஒரு வசதி உண்டு. எதிரே நிற்பவர் என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்பது, அவரே மறந்தாலும், எங்கள் பதிவில் இருக்கிறது. உடலின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை நாளொன்றுக்கு 20 மில்லிகிராமோ அதற்கு மேலோ இரண்டு வாரமாகச் சாப்பிட்டு வருகிறவர் சின்னம்மைத் தடுப்பூசி கேட்டு வந்தால், அது உயிருள்ள, வலுக்குறைக்கப்பட்ட கிருமியால் ஆனது என்பதால் அவருக்கு இப்போது போடக் கூடாது. மாத்திரையை நிறுத்திக் குறைந்தது ஒரு மாதமாவது போக வேண்டும். மூட்டுவாதத்துக்காக, எதிர்ப்பாற்றலை அடக்கும் புதிய வகை உயிரியல் மருந்துகளை ஊசியாகப் போட்டுக்கொள்பவருக்கும் உயிர்க்கிருமித் தடுப்பூசிகள் ஆகாது. அவரே அக்கிக்குத் தடுப்பூசி கேட்டால், உயிர்க்கிருமி இல்லாத வகை இருக்கிறது, அதைப் போடலாம். அசைக்ளோவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சின்னம்மைத் தடுப்பூசியைப் போட்டால், அந்த மருந்து தடுப்பூசிக் கிருமியையே அடக்கிப் பயனைக் குறைத்துவிடலாம். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுத்துக்கொள்பவரைத் திருப்பி அனுப்பத் தேவையில்லை; மெல்லிய ஊசியைப் பயன்படுத்தி, பிறகு தேய்க்காமல் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும். நீயும் இதையெல்லாம் அறிவாய். ஆனால் உன்னிடம் ஐந்து நிமிடத்தில் வந்து போகிறவர், மற்றொரு நிபுணர் எழுதிக் கொடுத்த மாத்திரையைப் பற்றி உன்னிடம் சொல்லியிருப்பார் என்று உறுதியாகச் சொல்ல முடியுமா?

தேவையில்லாமல் மறுப்பதும் இதே அளவுக்குத் தீங்கு. லேசான சளி என்று ஒருவரை அனுப்பிவிட்டால் அவர் திரும்பி வருவதே இல்லை. முட்டை ஒவ்வாமை இருப்பவர்களுக்கு ஃப்ளூ ஊசி ஆகாது என்று நாம் படித்த காலத்தில் சொன்னார்கள். இப்போது அந்தத் தடை நீங்கிவிட்டது. கர்ப்பிணி என்றாலே கைவிரிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிர்க்கிருமித் தடுப்பூசிகளைத்தான் அந்நிலையில் தவிர்க்க வேண்டும். ஃப்ளூ ஊசியோ அவர்களுக்கு மிகவும் தேவையானது.

ஒவ்வாமை அதிர்ச்சி வந்தால் மருந்துக்கடையில் என்ன செய்வார்கள் என்ற உன் அச்சத்தை நான் எளிதாக ஒதுக்கவில்லை. அனாஃபிலாக்சிஸ் எனப்படும் இந்த அதிர்ச்சி பத்து லட்சம் ஊசிகளுக்கு ஏறத்தாழ ஒன்று என்ற அளவில்தான் வருகிறது. ஆனால் அந்த ஒருவருக்கு விகிதக் கணக்கால் பயன் எதுவும் இல்லை. பயிற்சியின் பெரும்பகுதியை நாங்கள் இதற்கே ஒதுக்குகிறோம். பெரியவர் என்றால் ஆயிரத்தில் ஒன்று செறிவுள்ள அட்ரினலின் அரை மில்லிலிட்டரைத் தொடையின் வெளிப்புற நடுத் தசையில் உடனே போட வேண்டும், ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும், ஐந்து நிமிடத்தில் முன்னேற்றம் இல்லாவிட்டால் மீண்டும் போட வேண்டும். இதைவிட அடிக்கடி நடப்பது வெறும் மயக்கம், குறிப்பாக இளவயதினருக்கு. மயங்குபவரின் முகம் வெளிறும், நாடி மெதுவாகும், படுக்க வைத்தால் தெளிவார். ஒவ்வாமையில் நாடி வேகமெடுக்கும், தோல் தடிக்கும், மூச்சு இரையும். இந்த வேறுபாட்டைக் கைப்பழக்கமாக்காமல் நாங்கள் யாருக்கும் சான்றிதழ் தருவதில்லை. ஊசி போட்டுக்கொண்டவரைப் பதினைந்து நிமிடம் உட்கார வைக்க நாற்காலிகூட இல்லாத கடை இந்த வேலையில் இறங்கவே கூடாது. இதை உன் கருத்துரையில் தயக்கமின்றி எழுது, நான் கையொப்பமிடுகிறேன்.

தடுப்பூசியைக் குளிரில் காப்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2 முதல் 8 டிகிரி வரை வைத்து, வெப்பநிலையைத் தவறாமல் குறித்து வருவது எங்களுக்கு இன்சுலின் காலத்திலிருந்தே பழகியது. வெப்பத்துக்கு அஞ்சும் அளவுக்கு உறைவதற்கு மக்கள் அஞ்சுவதில்லை என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். அலுமினிய உப்பு கலந்த ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசிகள் ஒருமுறை உறைந்துவிட்டால் பயனற்றவை. உருகிய பிறகு பார்ப்பதற்கு நல்லதைப் போலவே இருந்தாலும் அவற்றைப் போட முடியாது.

உன் மறுப்புகளில் என்னை உண்மையிலேயே யோசிக்க வைத்தவை இரண்டு. முதலாவது, நோயாளியின் வரலாறு சிதறிப்போகும் என்பது. ஓர் ஊசி என் கடையில், அடுத்தது வேறொரு கடையில், மூன்றாவது உன்னிடம் என்றால், யாருக்கும் முழுப்படம் தெரியாது. இதற்கு விடை, பதிவைச் சட்டக் கடமையாக்குவதுதான். ஆஸ்திரேலியாவில் 2021 முதல் ஃப்ளூ, கொரோனா ஊசிகளையும் தேசிய அட்டவணையிலுள்ள ஊசிகளையும், யார் போட்டாலும், தேசியப் பதிவேட்டில் ஏற்றியே ஆக வேண்டும். இங்கிலாந்தில் மருந்துக்கடையில் போடப்படும் ஃப்ளூ ஊசியைப் பற்றி, போட்டுக்கொண்டவருடைய குடும்ப மருத்துவருக்குத் தகவல் போய்விடுகிறது. பதிவேடு இல்லாத இடத்தில் மருந்துக்கடைகளுக்கு அனுமதி தருவதை நானே ஆதரிக்க மாட்டேன்.

இரண்டாவது, பணம். தடுப்பூசியை விற்பவரே அது தேவையா என்று முடிவு செய்யலாமா என்று கேட்டிருக்கிறாய். கூரான கேள்வி, மருத்துவமனைகளிலும் இது இல்லாமல் இல்லை என்று பதிலுக்குச் சொல்ல முடியும், ஆனால் அது விடையாகாது. எனக்குத் தெரிந்தவரை சிக்கல் கட்டணம் கணக்கிடப்படும் முறையில் இருக்கிறது. குத்திய ஊசிக்கு மட்டும் கூலி என்றால், அரைமணி நேரம் பேசி, மருந்துப் பட்டியலைப் பார்த்து, "முதலில் உங்கள் மருத்துவரைப் பாருங்கள்" என்று அனுப்பி வைத்த மருந்தாளுநருக்கு ஒன்றும் கிடைக்காது. கேள்வி கேட்காமல் குத்தியவருக்குக் கிடைக்கும். சற்று முன் எந்தத் திறனை நான் தகுதியின் அளவாகச் சொன்னேனோ, அதையே இந்த முறை தண்டிக்கிறது. மதிப்பீட்டுக்குக் கட்டணம் வேண்டும். முடிவு ஊசியாக இருந்தாலும் மறுப்பாக இருந்தாலும் அது மாறக் கூடாது.

இதோடு சேர்ந்தது வேலைச்சுமை. 2023இல் அமெரிக்காவில் பெரிய தொடர் மருந்துக்கடைகளின் மருந்தாளுநர்கள் சிலர் வேலைக்கு வராமல் வெளிநடப்புச் செய்தார்கள். மருந்துச் சீட்டுகளைச் சரிபார்த்தபடியே, தொலைபேசிக்குப் பதில் சொல்லியபடியே, வரிசையில் நிற்பவர்களுக்கு ஊசியும் போட வேண்டியிருந்தது. கூடுதல் ஆள் தரப்படவில்லை என்பதே அவர்களுடைய குறைகளில் முதன்மையானது. அப்படிப்பட்ட நெருக்கடியில் "இன்று வேண்டாம்" என்று சொல்வதற்கான உரையாடல்தான் முதலில் கைவிடப்படும். எங்கள் சங்கத்தார் அனுமதியைக் கேட்கும் வேகத்தில் ஆள்பலத்தைக் கேட்பதில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு. இதை அவர்களிடமே சொல்லி நல்ல பெயரைக் கெடுத்துக்கொண்டிருக்கிறேன்.

தயங்கி நிற்கும் மக்களைப் பற்றியும் ஒன்று. தடுப்பூசித் தயக்கத்தை உலகச் சுகாதார அமைப்பு 2019இல் உலகச் சுகாதாரத்துக்கான பத்து அச்சுறுத்தல்களில் ஒன்றாகச் சேர்த்தது. அப்படித் தயங்குபவர் மருத்துவரிடம் போய் "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொல்வதில்லை. வேறு ஏதோ மாத்திரை வாங்கும்போது, பேச்சோடு பேச்சாக, "அந்த ஊசியில் ஏதோ பாதரசம் இருக்கிறதாமே" என்று எங்களிடம் கேட்பார். அதற்குச் சிரிக்காமல், அவசரப்படாமல், எந்தத் தடுப்பூசியில் என்ன சேர்க்கிறார்கள், எதில் சேர்ப்பதில்லை என்று உறைத்தாளைப் பிரித்துக் காட்டிச் சொல்ல வேண்டும். அன்றைக்கு அவர் போட்டுக்கொள்ளாமலே போகலாம். அதற்காக முகம் கோணாதவரிடம்தான் அவர் அடுத்த முறையும் வந்து கேட்பார்.

குழந்தைகள் விஷயத்தில் எனக்கு இன்னும் உறுதி வரவில்லை. அமெரிக்காவில் 2020 ஆகஸ்டில் மூன்று வயது முதலே மருந்தாளுநர் ஊசி போடலாம் என்று நாடு தழுவிய அனுமதி தந்தார்கள். குழந்தைகளின் வழக்கமான தடுப்பூசிகள் பெருந்தொற்றால் தள்ளிப்போய்க்கொண்டிருந்ததே காரணம். நெருக்கடிக்கு அது சரி. சாதாரணக் காலத்தில், குழந்தைக்கு ஊசி போடும் நாள் அதன் எடையையும் வளர்ச்சியையும் பேச்சையும் மருத்துவர் பார்க்கும் நாளுமாக இருக்கிறது. ஊசி எங்களிடம் வந்துவிட்டால் அந்தச் சந்திப்பும் குறைந்துவிடும் என்ற கவலை எனக்கு இருக்கிறது. பள்ளி செல்லும் வயதுக்குக் கீழே மருந்துக்கடைக்கு அனுமதி வேண்டாம் என்பது இப்போதைய என் நிலை. மகள் இதை ஏற்கவில்லை. மருத்துவரே அருகில் இல்லாத இடத்துக் குழந்தை என்ன செய்யும் என்று கேட்கிறாள். இந்த ஒன்றில் உன் தீர்ப்பை அறிய விரும்புகிறேன். நீ பார்த்த அளவுக்குக் குழந்தைகளை நான் பார்த்ததில்லை.

எங்கள் வகுப்பில் பயன்படுத்தும் முன்விசாரணைப் படிவத்தின் ஒரு பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒவ்வாமை, கர்ப்பம், எதிர்ப்பாற்றல் குறைவு, அண்மையில் ஏற்றிய இரத்தம், மருந்துப் பட்டியல் என எல்லாம் அதில் உண்டு. எந்த விடை வந்தால் உன்னைப் போன்ற ஒருவரிடம் அனுப்ப வேண்டும் என்ற பத்தி கடைசியில் இருக்கிறது. அதைச் சிவப்பு மையால் தாராளமாகத் திருத்தி அனுப்பு. அடுத்த வகுப்பு மாதக் கடைசியில் தொடங்குகிறது, அதற்கு முன் கிடைத்தால் புதிய படிவத்தையே மாணவர்களுக்குக் கொடுத்துவிடுவேன்.

என்றும் அன்புடன்,
உன் பழைய விடுதி அறைத்தோழன்