லேப் அக்காவுக்கு நன்றி

உங்கள் பெயரைக் கேட்காமலே வந்துவிட்டோம் அக்கா. இது எப்படியாவது உங்கள் கண்ணில் படட்டும்.

செயற்கை மூட்டு வைத்த தோள். மாதக்கணக்காக வலி, விறைப்பு. காய்ச்சல் இல்லை, சீழ் இல்லை, உடலில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் காட்டும் சிஆர்பியும் இஎஸ்ஆரும் நார்மல். தோளில் இப்படிப் பதுங்குவது பெரும்பாலும் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ், அதே முகப்பருக் கிருமிதான். மெதுவாக வளரும், லேபில் கிருமி வளர்க்கும் தட்டை 5 நாளில் பார்த்தால் பல நேரம் காலியாகவே இருக்கும்.

யாரும் சொல்லாமலே வார்டுக்கு போன் போட்டீர்கள். ஆன்டிபயாடிக்கை 2 வாரம் முன்பே நிறுத்தியாச்சா என்று கேட்டீர்கள். பஞ்சுக்குச்சியில் தொட்டு அனுப்பாதீர்கள், ஆழத்திலிருந்து 5 திசுத் துண்டு, ஒவ்வொன்றுக்கும் தனிக் கருவி, தனி டப்பா என்றீர்கள். தட்டுகளை ஆக்ஸிஜன் படாமல் 14 நாள் வைத்தீர்கள். மூடியில் சிவப்பு மையில் ‘தூக்கிப் போடாதே’!

ஒன்றில் மட்டும் முளைத்திருந்தால் தோலிலிருந்து ஒட்டியது என்று ஒதுக்கியிருப்பார்கள். மூன்றில் ஒரே கிருமி. காற்றில்லாமல் வளர்வது என்றதும் சிலர் மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக்கைத் தேடுவார்கள். இதற்கு அது கேட்காது. ரிப்போர்ட்டின் அடியில் அதையும் எழுதி, பென்சிலின் கேட்கும் என்று குறித்திருந்தீர்கள். மருந்து அதன்படிதான் போகிறது.

ரொம்ப நன்றி அக்கா.