மகன் ஜப்பான் போகுமுன்: பருத்தித்துறை நண்பருக்கு

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்புள்ள சிவநேசன்,

உமது கடிதம் கிடைத்தது. கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்து மீண்டும் பத்திரிகை வாசிக்கத் தொடங்கிவிட்டீர் என்று அறிந்து நிம்மதியடைந்தேன். மூத்தவன் ஜப்பானிய மொழிப் பரீட்சையில் சித்தியடைந்து, முதியோர் பராமரிப்பு வேலைக்காக அங்கே போக ஆயத்தமாகிறான் என்ற செய்தி அதைவிடப் பெரிய மகிழ்ச்சி. 2019ஆம் ஆண்டில் ஜப்பான் வெளிநாட்டுத் தொழிலாளருக்கான புதிய விசா முறையைத் தொடங்கி, அதே ஆண்டில் இலங்கையுடனும் உடன்பாடு செய்துகொண்ட பிறகு, இந்தப் பக்கத்திலும் அம்மொழிப் புத்தகங்களோடு பஸ்சுக்குக் காத்து நிற்கும் பிள்ளைகளைக் காண்கிறேன்.

ஆனால் கடிதத்தின் கடைசியில், “பச்சை மீனைச் சாப்பிட்டுக்கொண்டு பிள்ளை அங்கே எப்படி இருக்கப் போகிறான்” என்று தங்கச்சி இரவில் நித்திரையின்றிக் கவலைப்படுவதாக எழுதியிருந்தீர். அதற்கு நான் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஹவ்லொக் வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கைக்குள் ஒரு சிறிய ஜப்பானியச் சாப்பாட்டுக்கடை இருக்கிறது. அண்மைக்காலமாக அங்கே அடிக்கடி மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்வருகிறேன். உமது மகன் அங்கே அன்றாடம் சாப்பிடப் போவதற்கு மிகக் கிட்டிய சாப்பாடு கொழும்பில் எங்கே கிடைக்கும் என்று கேட்டால், நான் அந்தக் கடையைத்தான் காட்டுவேன்.

கொழும்பில் ஜப்பானிய உணவு என்றால் பெரிய ஹோட்டல்களும், தர்ஷன் முனிதாச 1995இல் தொடங்கிய நிஹொன்பாஷி என்ற உணவகமும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அவை விசேட நாட்களுக்கு உரிய இடங்கள். நான் சொல்லும் கடையோ ஒரு பழைய வீட்டின் முன்பகுதி. வாசலில் ஒரு நீலத் துணித் திரை, உள்ளே சில மேசைகள், சமையலறையைப் பார்த்தபடி ஒரு நீண்ட பலகை, அதன் முன்னே உயரமான கதிரைகள், அவ்வளவுதான். சமையற்காரர் சிலாபத்தைச் சேர்ந்தவர். ஜப்பானில் ஒரு சாப்பாட்டுக்கடையின் அடுப்படியில் பல வருடங்கள் வேலைசெய்துவிட்டுத் திரும்பியவர். பக்கத்துக் கந்தோர்களில் வேலைசெய்பவர்கள், மொழி படிக்கும் பிள்ளைகள், சில வேளைகளில் கைக்குழந்தையோடு ஒரு ஜப்பானியத் தம்பதி என்று வருகிறார்கள். சேவைக் கட்டணமும் வரியும் சேர்ந்தாலும் ஒருவருக்கு மூவாயிரம் ரூபாவைத் தாண்டுவதில்லை. சைவக்கடைச் சாப்பாட்டோடு வைத்துப் பார்த்தால் அது அதிகம்தான். ஆனால் இன்றைய கொழும்பில் வெளிநாட்டுச் சாப்பாடு என்ற பெயரில் வாங்குகிற விலைகளை நீர் அறிவீர்.

அங்கே மத்தியானத்தில் பெரும்பாலும் ஒரே அமைப்பில்தான் சாப்பாடு வரும். அதைத் ‘தெய்ஷோகு’ என்பார்கள். ஒரு தட்டில் ஒரு கிண்ணம் சோறு, புளிக்கவைத்த சோயாக் கூழைக் கரைத்த ‘மிசோ’ சூப் ஒரு கிண்ணம், பொரித்ததோ வாட்டியதோ ஆன மீன் அல்லது இறைச்சி, சிறிது அச்சாறு, மரக்கறியில் ஒரு சிறு பங்கு. சோறு நம்முடைய சம்பாவைப் போல உதிராது. குறுகிய, ஒட்டும் தன்மையுள்ள அரிசி. அதன்மேல் எதையும் ஊற்றிப் பிசைவதில்லை. வெறும் சோற்றை ஒரு வாய், மீனில் ஒரு துண்டு, சூப்பில் ஒரு மிடறு என்று மாறி மாறிச் சாப்பிட வேண்டும். சொதியும் பருப்பும் இல்லாமல் வெறும் சோறு எப்படி இறங்கும் என்று தங்கச்சி கேட்பா என்பது எனக்குத் தெரியும். அந்தச் சோற்றுக்கென்றே ஒரு மெல்லிய இனிப்பு இருக்கிறது. மென்று சாப்பிட்டால் அது தானாகத் தெரியவரும்.

நீர் முக்கியமாக அறியவேண்டியது அந்தச் சூப்பைப் பற்றித்தான். பருத்தித்துறைக்காரரான உமக்கு அது உடனே விளங்கும். அவர்களுடைய சமையலில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ‘தஷி’ என்ற சாறு. சூரை மீனைத் துண்டமாக்கி, அவித்து, முள் நீக்கி, மீண்டும் மீண்டும் புகையூட்டிக் காயவைத்து, உயர்ந்த வகையென்றால் அதன்மேல் ஒருவகைப் பூஞ்சணமும் வளரவிட்டு, மாதக்கணக்கில் பக்குவப்படுத்துகிறார்கள். முடிவில் அது விறகுத் துண்டு போல இறுகிவிடுகிறது. நாங்கள் சம்பலுக்கு இடித்துப் போடுகிற மாசியும் அதே சூரையை அவித்துப் புகையூட்டிக் காயவைத்ததுதானே! ‘கட்சுஓபுஷி’ என்ற அந்தத் துண்டை அந்தச் சமையற்காரர் ஒருநாள் என் கையில் தந்தார். முகர்ந்து பார்த்தபோது, உமது அம்மா உரலில் மாசி இடித்த நாட்களின் வாசனை அப்படியே இருந்தது. நாம் இடிக்கிறோம், அவர்கள் கடதாசியிலும் மெல்லியதாகச் சீவுகிறார்கள். வித்தியாசம் அங்கேதான் தொடங்குகிறது.

‘கொம்பு’ என்ற உலர்ந்த கடற்பாசியை முதலில் தண்ணீரில் ஊறவைத்து மெதுவாகச் சூடாக்கி, கொதி வருமுன் எடுத்துவிட்டு, பிறகு மீன் சீவலைப் போட்டு, ஓரிரு நிமிடங்களில் வடித்துவிடுவார்கள். இவ்வளவு சிறிய நேரத்தில் இவ்வளவு சுவை எப்படி இறங்குகிறது என்பதற்கும் விடை உண்டு. தோக்கியோப் பல்கலைக்கழகத்தில் இரசாயனப் பேராசிரியராக இருந்த இக்கெடா கிக்குனாயே 1908இல் அந்தப் பாசியின் சுவைக்குக் காரணம் குளுத்தமேற் என்ற இரசாயனப் பொருள் என்று கண்டுபிடித்தார். 1913இல் அவருடைய மாணவர் கொடாமா ஷிந்தாரோ, உலர்ந்த சூரையில் அப்படிச் சுவை தருவது இனொசினேற் என்ற இன்னொரு பொருள் என்று கண்டார். இவை இரண்டும் சேரும்போது சுவை பன்மடங்காகும். மாசி போட்ட கறிக்கு வேறு எதுவும் ஈடாகாது என்று நம் பெண்கள் சொல்லிவந்ததற்கும் இதே இனொசினேற்றுத்தான் காரணம் என்று நினைக்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

இங்கேதான் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். உமது வீட்டில் வெள்ளிக்கிழமை மச்சம் சேர்ப்பதில்லை. கந்தசஷ்டி விரதமும் உண்டு. அங்கே மரக்கறிக் கறி, சோயாக்கட்டி, ஊடொன் நூடில்ஸ் என்று கண்ணுக்குச் சைவமாகத் தெரிகிற பலவற்றில் இந்த மீன் சாறு கலந்திருக்கும். பரிமாறுகிறவர் “இதில் இறைச்சி இல்லை” என்று மனதார உண்மையே சொல்வார். சாற்றை அவர் கணக்கில் எடுத்திருக்க மாட்டார். ஆகவே “மீன் சாறும் வேண்டாம்” என்று சொல்ல அவன் முதலிலேயே பழகிக்கொள்ளட்டும். பௌத்த மடங்களில் கொம்புப் பாசியையும் உலர்ந்த காளானையும் மட்டும் கொண்டு சாறு எடுக்கும் பழைய சைவச் சமையல் முறை அங்கே இன்றும் இருக்கிறது. வீட்டில் அவன் தானே சமைக்கும்போது விரத நாட்களுக்கு அதுவே போதும். இங்குள்ள கடையில் முன்கூட்டியே சொன்னால் அந்தச் சாற்றில் எனக்கு ஊடொன் செய்து தருகிறார்கள்.

இனிப் பச்சை மீன். அது அவர்களுடைய அன்றாடச் சாப்பாடு அல்ல என்பதைத் தங்கச்சிக்கு அழுத்திச் சொல்லும். விரும்பினால் உண்ணலாம், விரும்பாவிட்டால் யாரும் வற்புறுத்தப் போவதில்லை. நம் கடலில் பிடிபடும் பெரிய சூரை மீன்களே ஜப்பானுக்கு ஏற்றுமதியாகின்றன. இந்தக் கடையிலும் சுஷி உண்டு; ஆனால் உண்மையைச் சொன்னால் அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மயோனெய்ஸ் பூசி உருட்டிய அந்தச் சுருள்கள் இங்குள்ள இளைஞர்களின் விருப்பத்துக்காக வைக்கப்பட்டவை. சோறும் சூப்பும் வாட்டிய மீனும்தான் அந்த அடுப்படியின் உண்மையான திறமை.

ஒரு சாப்பாட்டை மட்டும் நான் பலகை முன் கதிரையில் இருந்தபடி பார்த்ததைப் பார்த்தவாறே எழுதுகிறேன். அதன் பெயர் ஒயாக்கோதொன். ஒரு சாண் அகலமும் அரை விரல் ஆழமும் உள்ள, பிடி நிமிர்ந்து நிற்கும் ஒரு சிறு சட்டியில் தஷியும் சோயா சோஸும் சிறிது சீனியும் கொதிக்கின்றன. அதில் நீளவாக்கில் சீவிய வெங்காயம், அது வதங்கியதும் எலும்பில்லாத கோழித் துண்டுகள். கோழி வெந்தபின், அதிகம் அடிக்காத முட்டையில் பெரும்பங்கை வெளியிலிருந்து உள்ளாகச் சுற்றி ஊற்றுகிறார். சட்டியை இலேசாக ஆட்டுகிறார். மிச்ச முட்டையை நடுவில் விட்டு மூடுகிறார். சில விநாடிகளில் மூடியைத் திறந்து, மேலே இன்னும் இளகலாக இருக்கும்போதே முழுவதையும் ஒரே அசைவில் சோற்றுக் கிண்ணத்தின்மேல் வழுக்கி விடுகிறார். ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு சட்டியாகவே இதைச் செய்கிறார்; கூட்டம் நிறைந்த நேரத்திலும் இரண்டு பேருக்குச் சேர்த்துச் செய்து நான் கண்டதில்லை. மலிவான கடை என்றால் அக்கறையும் மலிவாகத்தான் இருக்கும் என்ற எண்ணத்துக்கு அங்கே இடமே இல்லை.

உறைப்பு இல்லாமல் அவன் தவித்துப்போவான் என்பது நியாயமான கவலைதான். அதற்கும் வழி இருக்கிறது. மேசைமேல் ஏழு சரக்குகள் சேர்ந்த ஒரு மிளகாய்த் தூள் பெரும்பாலும் இருக்கும். அதைவிட, ஜப்பானியருக்குக் கறி மிகவும் பிடித்த சாப்பாடு. அது இந்தியாவிலிருந்து நேராகப் போகாமல், பிரித்தானியர் வழியாக 19ஆம் நூற்றாண்டில் போனது. மாவும் கொழுப்பும் சேர்ந்து தடிப்பாக, சற்று இனிப்பாக இருக்கும். அவர்களுடைய கடற்படையில் இன்றும் வெள்ளிக்கிழமைதோறும் கறியும் சோறும்தான் சாப்பாடு. வங்காளத்திலிருந்து தப்பிச் சென்று தோக்கியோவில் அடைக்கலம் பெற்ற விடுதலைப் போராளி ராஷ் பிஹாரி போஸ், தமக்கு அடைக்கலம் தந்த குடும்பத்தின் நக்கமுராயா என்ற கடைக்கு இந்திய முறைக் கறியைக் கற்றுக்கொடுத்தார். 1927இலிருந்து அது அங்கே விற்கப்பட்டு வருகிறது. ஆகவே நம் கறித்தூளின் வாசனை அந்த ஊருக்குப் புதிதல்ல. தங்கச்சி வறுத்து அரைத்த தூளில் ஒரு போத்தல் கொடுத்தனுப்பினால் அவன் அவர்களுடைய கறியையே உறைப்பாக்கிக்கொள்வான்.

இன்னொன்று. அவன் போகிற வேலை முதியவர்களைப் பராமரிக்கும் வேலை. அவர்களுக்கு உணவூட்டுவதும் அதில் அடங்கும். மென்று விழுங்க முடியாதவர்களுக்கு அரிசிக் கஞ்சி கொடுப்பார்கள். திரவங்களைத் தடிப்பாக்கிக் கொடுப்பார்கள். புத்தாண்டு நாட்களில் உண்ணும் ‘மொச்சி’ என்ற ஒட்டும் மாவுருண்டை முதியோரின் தொண்டையில் அடைத்து ஆபத்தாகிவிடும் என்பதால் மிகக் கவனமாக இருப்பார்கள். ஒரு கிழவரின் முன்னால் தட்டை வைக்கும்போது, எது சூடாக வேண்டும், எதை முதலில் எடுப்பார், கிண்ணத்தைக் கையில் தூக்கிக் குடிப்பாரா என்று தெரிந்திருந்தால், அந்தக் கிழவர் அவனை அந்நியனாக நினைக்க மாட்டார். சோற்றில் சாப்பிடும் குச்சிகளைச் செங்குத்தாகக் குத்தி வைக்கக் கூடாது, குச்சியிலிருந்து குச்சிக்கு உணவு கைமாற்றக் கூடாது. இரண்டும் அவர்களுடைய மரணச் சடங்கோடு தொடர்புடையவை. இவற்றை வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஆனால் ஒரு மேசையில் இருந்து சாப்பிட்டுப் பழகினால்தான் கை மறக்காது.

அதனால்தான் கேட்கிறேன்: விசா அலுவலாக அவன் கொழும்புக்கு வரும்போது நீரும் தங்கச்சியும் கூடவே வாரும். எங்கள் வீட்டிலேயே தங்கலாம். நால்வருமாக அந்தக் கடைக்குப் போவோம். தங்கச்சி அந்தச் சமையற்காரரிடம் கேட்க வேண்டியதையெல்லாம் நேரில் கேட்கட்டும். அவருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும், பதில் சொல்வதில் சலிக்காதவர். வெள்ளிக்கிழமையில் வருவதானால் எனக்கு முன்னரே எழுதும், கொம்புச் சாற்றில் ஊடொன் செய்து வைக்கச் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமைகளிலும் போயா நாட்களிலும் கடை பூட்டு. பன்னிரண்டு மணிக்குப் பிந்தினால் பலகை முன் இடம் கிடையாது. வரும்போது முடிந்தால் நல்ல மாசியாக ஒரு துண்டு கொண்டுவாரும்; அவர் பார்க்க ஆசைப்படுகிறார்.

அன்புடன்,
இராசரத்தினம்