காசு கொடுத்த பாட்டு கையில் நிற்க வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பாட்டைத் திருட்டுத்தனமாக இறக்குபவர்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே, ஓசியில் கிடைக்கும்போது யார் காசு கொடுப்பார்கள் என்று முடித்துவிடுகிறோம். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. 1999-இல் பாட்டுக் கோப்புகளை இணையத்தில் ஒருவருக்கொருவர் இலவசமாகப் பகிர உதவிய நாப்ஸ்டர் வந்ததும் கூட்டம் அங்கே ஓடியதற்கு விலை மட்டும் காரணம் இல்லை. ஒரே ஒரு பாட்டு போதும் என்றவரிடமும் கடைகளில் முழு சிடியைத்தான் பெரும்பாலும் நீட்டினார்கள். 2003-இல் ஆப்பிள் தனிப்பாட்டை 99 சென்ட்டுக்கு விற்றபோது முதல் வாரத்திலேயே பத்து லட்சம் பாட்டுகள் விற்றன, இலவசமாக இறக்க எத்தனையோ வழி திறந்து கிடந்த காலத்தில்!

ஆனால் காசு கொடுத்தவரை எப்படி நடத்தினார்கள்? வாங்கிய பாட்டுக்கும் பூட்டு, இந்தக் கருவியில் பாடும், அதில் பாடாது. 2005-இல் சோனி பிஎம்ஜி என்ற இசை நிறுவனத்தின் சில சிடிக்களைக் கணினியில் போட்டால், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மென்பொருள் உள்ளே போய் ஒளிந்துகொண்டு, வைரஸ்கள் பதுங்கவும் இடம் கொடுத்தது. திருட்டு எம்பி3 இறக்கியவருக்கு இந்தத் தொல்லையே இல்லை.

இப்போது மாதச் சந்தா கட்டி இணையத்தில் பாட்டு கேட்கும் காலம். வசதிதான், நானும் கட்டுகிறேன். ஆனால் ஆசையாகச் சேர்த்து வைத்த பட்டியலில் திடீரென ஒரு பாட்டு மட்டும் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடக்கிறது, தொட்டால் பாடவில்லை, உரிமம் முடிந்துவிட்டதாம். சந்தாவை நிறுத்தினால் மொத்தப் பட்டியலும் போச்சு. அந்த ஒரு பாட்டைத் தேடித் திருட்டுத் தளத்துக்குப் போவது சரி என்று சொல்லமாட்டேன், பாடியவருக்கும் வாசித்தவருக்கும் அதில் ஒரு காசும் போகாது. ஆனால் ஏன் போகிறார்கள் என்று புரிகிறது.

பேண்ட்கேம்ப் என்ற பாட்டு விற்கும் தளத்தில் பூட்டில்லாத கோப்பாகவே வாங்கி வைத்துக்கொள்ளலாம், விருப்பப்பட்டால் கேட்ட விலைக்கு மேலும் கொடுக்கலாம். எல்லாப் பாட்டும் இப்படிக் கிடைக்க வேண்டும். அப்புறம் சந்தாப் பணம். பெரும்பாலான சேவைகளில் எல்லார் பணமும் ஒரே உண்டியலில் விழுந்து, மொத்தத்தில் யார் பாட்டு எத்தனை முறை ஓடியது என்று பார்த்துப் பிரிக்கப்படுகிறது. மாதம் முழுக்க நான் ஒரு சின்னக் குழுவை மட்டுமே கேட்டாலும் என் காசில் பெரும்பங்கு நான் கேட்காத பிரபலங்களுக்கே போகிறது. நான் கேட்டவருக்கே என் காசு போகும் முறையை 2021-இல் சவுண்ட்கிளவுட் என்ற இசைத் தளம் தொடங்கியது. மற்றவர்களும் அதற்கு மாறட்டும், மாதக் கடைசியில் என் சந்தா யார் யாருக்கு எவ்வளவு போனது என்று கணக்கும் காட்டட்டும்.

இப்படிக்கு,
சந்தா கட்டும் ஒரு வாசகர்