கிராக்கோவ் யூத சமூக மையத்தாருக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி மடல்

மையத்தின் பொறுப்பாளர்களுக்கும், ஊழியர்களுக்கும், தன்னார்வலர்களுக்கும், முதியோர் மன்றத்துப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

உக்ரைனின் கார்கிவ் நகரில் மருத்துவம் படித்துவந்த என் தம்பிக்குத் தம் வீட்டில் வாடகைக்கு இடம் கொடுத்திருந்த அம்மையார், 2022 மார்ச்சில் மகளையும் கைக்குழந்தையான பேத்தியையும் அழைத்துக்கொண்டு போலந்துக்குள் வந்தபோது, இந்த நாட்டில் அவருக்குத் தெரிந்திருந்த ஒரே முகவரி கிராக்கோவில் நாங்கள் குடியிருந்த வீடுதான். படுக்க இடமும் இரண்டு வேளைச் சோறும் எங்களால் கொடுக்க முடிந்தது. அதற்கு மேல் அவர்களுக்குத் தேவைப்பட்ட அனைத்தையும் கொடுத்தவர்கள் நீங்கள். இம்மடலின் போலிஷ் படியை உங்கள் அலுவலகத்தில் சேர்த்துவிட்டோம். தம்பியோடு படித்த மாணவர்களின் பெற்றோர் பலர் தமிழ்நாட்டிலிருந்து எங்கள் வழியாக உங்களுக்குப் பணம் அனுப்பியிருந்தார்கள். அந்தப் பணம் யார் கைக்குப் போனது என்பதை அவர்களும் அறியவேண்டும் என்பதால் தமிழிலும் எழுதுகிறேன்.

2022 பிப்ரவரி 24 அன்று போர் தொடங்கிய சில நாட்களுக்குள் உங்கள் கட்டடத்தின் ஒரு பகுதி நிவாரணக் கிடங்காக மாறிவிட்டது. குழந்தைக்கான டயப்பர், பால்மாவு, சோப்பு, பருப்பு வகைகள், துணிமணி என எல்லாவற்றையும் கடையில் அடுக்குவதுபோல அடுக்கி, வந்தவர்கள் தாங்களே பார்த்து எடுத்துக்கொள்ளும்படி வைத்திருந்தீர்கள். முன்கூட்டியே கட்டிவைத்த ஒரு பொட்டலத்தைக் கையில் திணித்து அனுப்புவது உங்களுக்கு எளிதாகவும் விரைவாகவும் இருந்திருக்கும். ஆனால் எல்லையில் மணிக்கணக்காக வரிசையில் நின்று, கொடுத்ததை வாங்கி, காட்டிய இடத்தில் படுத்து வந்த ஒரு பெண்மணி, எந்தச் சோப்பு வேண்டும் என்று தாமே முடிவுசெய்யும் வாய்ப்பை உங்களிடம்தான் முதலில் பெற்றார். அவர் அதைப் பலமுறை எங்களிடம் சொல்லியிருக்கிறார். போலிஷ் வகுப்பு, மனநல ஆலோசனை, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் ஆகிய உதவிகள் பின்னர் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. அவர்கள் யூதர்கள் அல்லர். உங்களிடம் வந்த அகதிகளில் மிகப் பெரும்பாலோர் யூதர்கள் அல்லர். மதத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

உங்களைப் பற்றித் தமிழ் வாசகர்களுக்குச் சிறிது சொல்லவேண்டும். இரண்டாம் உலகப் போருக்கு முன் கிராக்கோவில் ஏறத்தாழ 65,000 யூதர்கள் வாழ்ந்தார்கள். நகர மக்களில் நால்வரில் ஒருவர் யூதர். 1941 மார்ச்சில் நாஜிகள் அவர்களை ஆற்றுக்கு அப்பாலுள்ள பொட்கூஷே பகுதியில் அடைத்தார்கள். 1943 மார்ச்சில் அந்த அடைப்பிடமும் அழிக்கப்பட்டது. நாஜிகள் யூதர்களைக் கொன்றுகுவித்த ஆஷ்விட்ஸ் முகாம் இங்கிருந்து மேற்கே 60 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில்தான் இருக்கிறது. எஞ்சியவர்களில் பலர் நாட்டைவிட்டு வெளியேற, இருந்தவர்களில் பலர் தம் பிறப்பை மறைத்து வாழ்ந்தார்கள். 2002 இல் இந்நகருக்கு வந்த அன்றைய பிரிட்டிஷ் இளவரசர் சார்லஸ், தப்பிப் பிழைத்த முதியவர்களைச் சந்தித்தபின் அவர்களுக்கென ஒரு கூடம் அமைய உதவ முன்வந்தார். யூத நிவாரண அமைப்புகளின் துணையோடு, கசிமியெஷ் பகுதியின் மியோதோவா தெருவில், டெம்பிள் என்னும் யூதத் தொழுகைக்கூடத்தை ஒட்டி அது எழுந்தது. 2008 இல் அவரே திறந்துவைத்தார். முதியவர்களுக்கென எண்ணப்பட்ட அந்த இடத்துக்கு, தம் பாட்டியோ தாத்தாவோ யூதர் என்பதை வளர்ந்த பிறகு அறிந்துகொண்ட இளைஞர்கள் வரத்தொடங்கியதால், இன்று மழலையர் வகுப்பு முதல் முதியோர் மன்றம் வரை அங்கே நடக்கிறது.

நியூயார்க்கில் பிறந்து இங்கே குடியேறிய இயக்குநர் ஜோனதன் ஆர்ன்ஸ்டைன் அவர்களுக்கு எங்கள் முதல் நன்றி. தம் மக்களுக்காகக் கட்டிய வீட்டை ஊரார் அனைவருக்கும் திறந்துவிடலாம் என்னும் துணிவு, உங்கள் வரலாற்றைச் சுமந்திருக்கும் ஒரு சமூகத்துக்கு எளிதில் வந்திருக்காது என்றே நினைக்கிறேன். அடுத்து, யூதர்கள் அல்லாத போலிஷ் தன்னார்வலர்களுக்கு நன்றி. உக்ரைன் போருக்கு வெகு முன்பிருந்தே மையத்தின் அன்றாட வேலைகளில் கைகொடுத்து வந்தவர்கள் இவர்கள் என்பதை நாங்கள் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டோம். அந்தப் பழக்கம் முன்பே இருந்ததால்தான், அகதிகள் வந்த வாரத்தில் யார் எங்கே நிற்பது என்று எவரும் தடுமாறவில்லை.

முதியோர் மன்றத்தாருக்குத் தனியே நன்றி சொல்லவேண்டும். சிறு வயதில் போரைக் கண்ட பெரியவர் ஒருவர், கார்கிவ் அம்மையாரோடு ரஷ்ய மொழியில் பேசிக்கொண்டிருந்ததை நாங்கள் பார்த்தோம். என்ன பேசினார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அன்றிரவு அம்மையார் நன்றாகத் தூங்கினார் என்று மகள் மறுநாள் சொன்னார்.

இப்போது மூவரும் தனி வீடு எடுத்துக் குடியிருக்கிறார்கள். மகளுக்கு ஒரு மழலையர் பள்ளியில் வேலை; பேத்தி எங்களைவிடத் தெளிவாகப் போலிஷ் பேசுகிறாள். தம்பி வேறொரு நாட்டில் படிப்பைத் தொடர்ந்து முடித்துவிட்டான்.

ஒரு செய்தி பாக்கி இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை யூதர்களின் ஓய்வுநாளான சபாத்தை வரவேற்று நீங்கள் நடத்தும் விருந்துக்கு எங்கள் வீட்டிலிருந்து எலுமிச்சைச் சோறு செய்து கொண்டுவருகிறோம் என்று கேட்டபோது, கோஷர் என்னும் யூத உணவு விதிப்படி வெளியில் சமைத்ததை ஏற்க இயலாது என்று மிகுந்த தயக்கத்தோடு சொன்னீர்கள். அதில் எங்களுக்கு வருத்தம் ஏதுமில்லை. எங்கள் ஊர்களிலும் அடுப்படிக்கென்று கட்டுப்பாடு வைத்திருக்கும் வீடுகள் உண்டு. விருந்து முடிந்தபின் மேசைகளைத் துடைத்து நாற்காலிகளை அடுக்குவதற்கு ஆள் தேவைப்படும் என்று அறிகிறோம். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமைகளுக்கு எங்கள் வீட்டில் இருவர் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
கிராக்கோவில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தார்